லினக்ஸில் ஓடிய செய்தி வரிசை வேறு கெர்னலில் ஏன் நிற்கிறது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸில் பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய ஒரு சி நிரலை ஃப்ரீபிஎஸ்டிக்கோ மேக்ஓஎஸ்ஸுக்கோ கொண்டுபோகும்போது, செய்தி வரிசையை (நிரல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வைத்திருக்கும் வரிசையை) தொடும் பகுதிதான் பெரும்பாலும் முதலில் முரண்டு பிடிக்கிறது. கம்பைல் ஆகும், தொடங்கும், சில வேளைகளில் முதல் நூறு செய்திகள் வரை ஒழுங்காகப் போகும், பிறகு காரணம் புரியாத ஒரு பிழை வரும். செயற்கூறுகளின் பெயர்களையும் அவற்றின் பொதுவான நடத்தையையும் மட்டுமே போசிக்ஸ், அதாவது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம், வரையறுத்திருக்கிறது. வரிசை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், முன்னிலைகள் (செய்தியின் அவசர நிலைகள்) எத்தனை, டிஸ்கிரிப்டர் (திறந்த வரிசையைக் குறிக்கும் கைப்பிடி) என்பது உண்மையில் என்ன பொருள் என்பவற்றை அது அந்தந்தக் கெர்னலின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இந்த வழிமுறை அந்த இடைவெளிகளை, திரையில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேடுகிறது.

தொடங்குமுன் இரண்டு விவரங்களை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நிரல் பயன்படுத்துவது எந்தக் குடும்பத்து வரிசை என்பது. எம்எஸ்ஜிகெட், எம்எஸ்ஜிஎஸ்என்டி, எம்எஸ்ஜிஆர்சிவி ஆகியவை பழைய சிஸ்டம் ஃபைவ் குடும்பம். எம்க்யூ_ஓப்பன், எம்க்யூ_சென்ட், எம்க்யூ_ரிசீவ் ஆகியவை போசிக்ஸ் குடும்பம். இரண்டுக்கும் வரம்புகள் வேறு, பார்வையிடும் கருவிகள் வேறு. சிஸ்டம் ஃபைவ் வரிசைகளைக் காட்டும் ஐபிசிஎஸ் கட்டளையில் போசிக்ஸ் வரிசைகளைத் தேடி, ஒன்றும் காணாமல், வரிசையே உருவாகவில்லை என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பிழை எண்ணை மட்டும் எழுதும் பதிவுக் கோப்பை நம்பக்கூடாது. 1 முதல் 34 வரையுள்ள பிழை எண்கள், 11 நீங்கலாக, லினக்ஸிலும் பிஎஸ்டி வழிவந்த அமைப்புகளிலும் ஒன்றாக இருக்கின்றன. அதற்கு மேல் வழிகள் பிரிந்துவிடுகின்றன. "இப்போது முடியாது, பிறகு முயல்க" என்னும் பிழை லினக்ஸில் 11, ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் 35. முட்டுக்கட்டை (டெட்லாக்) நிலையைக் குறிக்கும் பிழையோ லினக்ஸில் 35, அங்கே 11. அதாவது இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. நான் பராமரித்த ஒரு நிரல் ஃப்ரீபிஎஸ்டியில் "பிழை 35" என்று எழுதிக்கொண்டே இருந்தது. லினக்ஸ் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இல்லாத முட்டுக்கட்டையை ஒரு நாள் முழுவதும் தேடினேன். உண்மையில் வரிசை நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். செய்தி அளவு மீறிய பிழை லினக்ஸில் 90, அங்கே 40. செயற்கூறே இல்லை என்னும் பிழை லினக்ஸில் 38, அங்கே 78. ஆகவே பிழை எண்ணைச் சொற்களாக்கும் ஸ்ட்ர்எரர் தரும் சொற்றொடரையும் சேர்த்துப் பதிவு செய்யும்படி நிரலை முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகே கீழுள்ள அறிகுறிகளுக்குள் செல்வது நல்லது.

அறிகுறி: கம்பைல் ஆகவில்லை, அல்லது தொடங்கியவுடன் நிரல் இறந்துவிடுகிறது

எம்க்யூ.எச் என்னும் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று கம்பைலர் சொன்னால், பெரும்பாலும் அந்த இயங்குதளத்தில் போசிக்ஸ் வரிசையே இல்லை. மேக்ஓஎஸ்ஸில் இல்லை, ஓப்பன்பிஎஸ்டியிலும் இல்லை. நூலகத்தை நிறுவினால் வந்துவிடும் என்று தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், ஏனெனில் குறை கெர்னலில் இருக்கிறது. சிஸ்டம் ஃபைவ் வரிசைக்கோ, ஒரே கணினியிலுள்ள நிரல்களை இணைக்கும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டுக்கோ மாறுவதுதான் வழி. அவற்றுக்கும் தமக்கே உரிய வரம்புகள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

லினக்ஸிலேயே, கம்பைல் ஆகி இணைப்புக் கட்டத்தில் எம்க்யூ_ஓப்பன் அறியப்படாத குறியீடு என்று வந்தால், பழைய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படைச் சி நூலகம்) உள்ள அமைப்பில் ஆர்டி நூலகத்தை இணைக்க மறந்திருக்கிறீர்கள். 2.34ஆம் வெளியீட்டிலிருந்து அந்தச் செயற்கூறுகள் முதன்மை நூலகத்துக்குள்ளேயே வந்துவிட்டதால், புதிய கணினியில் எழுதிய மேக்ஃபைல் பழைய கணினியில் தோற்பது இயல்பு. இணைப்பு விருப்பத்தை எப்போதும் எழுதிவைத்தால் இரண்டிலும் சிக்கல் இல்லை.

ஃப்ரீபிஎஸ்டியில் நிரல் கம்பைல் ஆகி, முதல் எம்க்யூ_ஓப்பன் அழைப்பிலேயே "பேட் சிஸ்டம் கால்" என்ற சொற்களுடன் இறந்தால், எம்க்யூஎஃப்எஸ் என்னும் கெர்னல் மாட்யூல் ஏற்றப்படவில்லை. வழக்கமான ஜெனரிக் கெர்னலில் அது சேர்க்கப்படுவதில்லை. அழைப்பு எண் மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும், பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். கேஎல்டிலோட் கட்டளையால் அந்த மாட்யூலை ஏற்றிப் பாருங்கள். சரியானால், லோடர் அமைப்புக் கோப்பில் அதை ஏற்றும் வரியைச் சேர்த்துவிடுங்கள். இல்லையெனில் அடுத்த மறுதொடக்கத்தில் அதே பிழை திரும்பி வரும். இங்கே வருவது பிழைக் குறி அன்று, சிக்னல் என்பதைக் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் மதிப்பைச் சோதிக்கும் நிரல் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்தச் சோதனை வரியை அது எட்டாமலேயே போகலாம்.

லினக்ஸில் இதே நிலை "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" என்று மென்மையாக வரும். போசிக்ஸ் வரிசை 2.6.6ஆம் கெர்னலிலிருந்து இருக்கிறது என்றாலும், அது ஒரு கட்டமைப்புத் தேர்வு. பதிகணினிகளுக்காக (கருவிகளுக்குள் பொதிந்த சிறு கணினிகளுக்காக) இளைக்கப்பட்ட கெர்னல்களில் அது அணைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலுக்குள் (தனிமைப்படுத்தப்பட்ட சூழலுக்குள்) எம்எஸ்ஜிகெட் இதே சொற்களைத் தந்தால், அந்த ஜெயிலுக்கு சிஸ்டம் ஃபைவ் வரிசை அனுமதிக்கப்படவில்லை. ஜெயில் அமைப்பில் சிஸ்விஎம்எஸ்ஜி என்னும் அளவுருவை "நியூ" என்று வைத்தால் அந்த ஜெயிலுக்கெனத் தனிப் பெயர்வெளி (மற்றவற்றோடு கலக்காத தனி வரிசைத் தொகுப்பு) கிடைக்கும். "இன்ஹெரிட்" என்று வைத்தால் தாய் அமைப்புடன் பகிரப்படும். பாதுகாப்புக்காக ஜெயில் அமைத்தவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: வரிசையைத் திறக்கும்போது "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்"

இது மிக அடிக்கடி வரும் பிழை, காரணங்களும் பல. பெயரிலிருந்து தொடங்குங்கள். லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பெயர் ஒரு சாய்கோட்டில் தொடங்க வேண்டும், அதற்குப் பின் வேறு சாய்கோடு வரக்கூடாது. தொடக்கச் சாய்கோடு இல்லாவிட்டால் இந்தப் பிழை வரும். லினக்ஸில் நடுவில் இன்னொரு சாய்கோடு இருந்தால் வருவது "பெர்மிஷன் டினைட்"; பெயரைச் சந்தேகிக்காமல் அனுமதிகளைத் தேட வைக்கும் சொற்றொடர் அது. கோப்புப் பாதையைப் போலப் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பெயர் சரியென்றால், பண்புகளைப் பாருங்கள். லினக்ஸில் சாதாரணப் பயனர் உருவாக்கும் வரிசையில் செய்திகளின் எண்ணிக்கை 10ஐயும், ஒரு செய்தியின் அளவு 8192 பைட்டையும் மீறக்கூடாது என்பது இயல்பமைப்பு. ரூட்டாக ஓடும்போது இந்த வரம்புகள் தளர்கின்றன. ஆகையால் உருவாக்குநர் தம் கணினியில் ரூட்டாகச் சோதித்து வெற்றி கண்ட நிரல், சேவைப் பயனராக ஓடும் சர்வரில் தோற்கும். /ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/எம்க்யூ கோப்பகத்துக்குள் இருக்கும் எம்எஸ்ஜி_மேக்ஸ், எம்எஸ்ஜிசைஸ்_மேக்ஸ் ஆகிய கோப்புகளைப் படித்தால் நடப்பு வரம்பு தெரியும். கெர்னலின் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் வழியே அதை உயர்த்தலாம்.

ஃப்ரீபிஎஸ்டியில் இதே வரம்புகள் கெர்ன்.எம்க்யூ என்னும் சிஸ்கண்ட்ரோல் கிளையில் இருக்கின்றன. அங்கே எண்ணிக்கையின் உச்சவரம்பு 100, அளவின் உச்சவரம்பு 16384 பைட்டு. இரண்டுமே லினக்ஸைவிடத் தாராளம். ஃப்ரீபிஎஸ்டியில் 50 செய்திகளுக்கு இடம் கேட்டு எழுதப்பட்ட நிரல் லினக்ஸில் திறக்கவே மறுக்கப்படுவதற்கு இதுவே காரணம். எதிர்த்திசையில் வரும் சிக்கல் இதைவிடக் கள்ளத்தனமானது. பண்புகளைத் தராமல் வெறுமையாக விட்டால், லினக்ஸ் ஒரு செய்திக்கு 8192 பைட்டு ஒதுக்குகிறது. ஃப்ரீபிஎஸ்டி 1024 பைட்டு மட்டுமே ஒதுக்குகிறது. திறப்பது இரண்டிலும் வெற்றி பெறும். ஆனால் 2000 பைட்டுச் செய்தியை அனுப்பும்போது ஃப்ரீபிஎஸ்டியில் "மெசேஜ் டூ லாங்" வரும். சிறிய செய்திகளால் மட்டும் சோதித்திருந்தால் அது தெரியவே தெரியாது. பண்புகளை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை: எண்ணிக்கையை 10க்குள்ளும், அளவை நிரலின் உண்மைத் தேவைக்குள்ளும் வெளிப்படையாக எழுதுங்கள். பண்புகளைத் தரும் கட்டமைப்பை நிரப்பும்போது உறுப்புகள் நிற்கும் ஒழுங்கை நம்பாமல் ஒவ்வொரு பெயரையும் சொல்லி நிரப்புங்கள். அந்த ஒழுங்கைத் தரம் கட்டாயப்படுத்தவில்லை.

திறந்த பிறகு, அனுப்பும்போது மட்டும் இதே "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" வருகிறதா? முன்னிலை எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் 0 முதல் 32767 வரை ஏற்கிறது; ஃப்ரீபிஎஸ்டி 64 நிலைகளோடு நிறுத்திக்கொள்கிறது; தரம் உறுதியளிப்பதோ 32 நிலைகள் மட்டுமே. நேரமுத்திரையையோ வாடிக்கையாளர் எண்ணையோ முன்னிலையாகப் பயன்படுத்தும் நிரல்கள் லினக்ஸில் மட்டுமே பிழைக்கும். 0 முதல் 31 வரைக்குள் அடக்கிக்கொண்டால் எங்கும் ஓடும்.

அறிகுறி: சில வரிசைகள் திறக்கின்றன, அடுத்தது "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" என்கிறது

திறந்த கோப்புகளை எண்ணிப் பார்த்தால் இருபதுகூட இருக்காது. ஆயினும் லினக்ஸ் இப்படிச் சொல்லும். இங்கே மீறப்பட்டது கோப்புகளின் வரம்பு அன்று. ஒரு பயனரின் எல்லா வரிசைகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவக வரம்பு. அதன் இயல்பு மதிப்பு 819200 பைட்டு. 10 செய்திகள், தலா 8192 பைட்டு என்ற வரிசைக்கு 81920 பைட்டும், அதற்கு மேல் கெர்னலின் கணக்குச் செலவும் சேர்கின்றன. அந்தச் சிறு செலவின் காரணமாகவே, பத்து வரிசைகள் சரியாக அடங்கும் என்று தோன்றினாலும், பத்தாவது வரிசை மறுக்கப்படுகிறது. வரிசையில் செய்தியே இல்லாவிட்டாலும், உருவாக்கும்போதே முழு அளவும் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. யூலிமிட் கட்டளையைக் க்யூ விருப்பத்துடன் இயக்கினால் நடப்பு வரம்பைக் காணலாம்.

வரம்பு பயனர்வாரியானது என்பதால், உங்கள் நிரல் ஒன்றும் செய்யாதபோதும் அதே பயனரின் வேறொரு நிரல் விட்டுச்சென்ற வரிசைகள் இடத்தைத் தின்றிருக்கலாம். அனாதையான வரிசைகளை /டெவ்/எம்க்யூ கோப்பகத்தில் பார்த்து, சாதாரணக் கோப்பை நீக்குவது போலவே நீக்கலாம். அந்தக் கோப்பகம் வெறுமையாகத் தெரிந்தால், எம்க்யூ கோப்பு முறைமை அங்கே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மவுன்ட் ஆகாவிட்டாலும் வரிசைகள் வேலை செய்யும், கண்ணுக்குத்தான் தெரியாது.

இதற்கு மாறாக "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வந்தால் வட்டைத் துப்புரவு செய்யப் போகாதீர்கள். வரிசைகளின் எண்ணிக்கை உச்சவரம்பைத் தொட்டுவிட்டது. லினக்ஸின் போசிக்ஸ் வரிசைகளுக்கு இயல்பு வரம்பு 256. சிஸ்டம் ஃபைவில் வேறுபாடு மிகப் பெரிது: 3.19ஆம் கெர்னலிலிருந்து லினக்ஸ் 32000 வரிசைகளை அனுமதிக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி இயல்பாக 40 வரிசைகளை மட்டுமே.

அறிகுறி: அளவை மாற்றினேன், மாற்றம் பலிக்கவில்லை

நிரலில் செய்தி அளவை 512இலிருந்து 4096 ஆக உயர்த்தி, மறுபடி கம்பைல் செய்து ஓட்டியும் "மெசேஜ் டூ லாங்" தொடர்ந்தால், பழைய வரிசை இன்னும் உயிரோடு இருக்கிறது. வரிசை ஏற்கெனவே இருந்தால், உருவாக்கும் கொடியுடன் (இல்லாவிட்டால் உருவாக்கு என்று திறக்கும் அழைப்பில் தரும் விருப்பத்துடன்) நீங்கள் தரும் பண்புகள் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். நிரல் முடிந்தாலும் வரிசை முடிவதில்லை. நீக்கும் வரையோ கணினி மறுபடி தொடங்கும் வரையோ அது கெர்னலில் இருக்கும். எம்க்யூ_அன்லிங்க் செய்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

பெறும் பக்கத்தில் இதே பிழை வருவதற்கு வேறு காரணம் உண்டு. எம்க்யூ_ரிசீவுக்கு நீங்கள் தரும் பஃபர், வந்திருக்கும் செய்தியின் அளவுக்கு இருந்தால் போதாது. அந்த வரிசைக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவுக்கு இருக்க வேண்டும். பத்துப் பைட்டுச் செய்திக்கும் அது பொருந்தும். பஃபரின் அளவை நிரலில் எண்ணாக எழுதாமல், திறந்தவுடன் எம்க்யூ_கெட்ஆட்டர் மூலம் வரிசையிடமே கேட்டு ஒதுக்கினால், எந்தக் கெர்னலின் இயல்பளவு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. ஒரே மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்வேன்.

அறிகுறி: சிஸ்டம் ஃபைவ் வரிசையில் பெரிய செய்தி மட்டும் போகவில்லை

லினக்ஸில் ஒரு செய்தி 8192 பைட்டு வரையும், ஒரு வரிசை மொத்தம் 16384 பைட்டு வரையும் ஏற்கும். ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸ்ஸிலும் வரிசையின் மொத்தக் கொள்ளளவே இயல்பாக 2048 பைட்டுதான். 3000 பைட்டுச் செய்தி அங்கே காத்திருக்காது, உடனே "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்று திரும்பும். சிறிய செய்திகளும், படிப்பவர் சற்றுத் தாமதித்தால், லினக்ஸில் கிடைக்கும் இடத்தில் எட்டில் ஒரு பங்கு நிரம்பியதுமே நின்றுவிடும். ஆகவே "ஃப்ரீபிஎஸ்டியில் நிரல் மெதுவாக ஓடுகிறது" என்ற புகாரின் வேரும் பல வேளைகளில் இதுவே. ஃப்ரீபிஎஸ்டியில் கெர்ன்.ஐபிசி.எம்எஸ்ஜிஎம்என்பி மதிப்பை லோடர் அமைப்புக் கோப்பில் உயர்த்தி மறுதொடக்கம் செய்யலாம்.

இங்கேயே இன்னொன்றையும் சரிபாருங்கள். அனுப்பும்போது தரும் நீளத்தில், முதலில் இருக்கும் வகை எண்ணின் அளவைச் சேர்க்கக்கூடாது. முழுக் கட்டமைப்பின் அளவைத் தருபவர்கள் எட்டு பைட்டுக் குப்பையையும் சேர்த்து அனுப்புகிறார்கள். 32 பிட் பிராசஸில் அது நான்கு பைட்டு. செய்திக்குள் "லாங்" வகை உறுப்புகளை வைத்தால், ஒரே கெர்னலில் ஓடும் 32 பிட், 64 பிட் நிரல்கள்கூட ஒன்றையொன்று தவறாகப் படிக்கும். நிலையான அகலமுள்ள முழு எண் வகைகளையே பயன்படுத்துங்கள். எம்எஸ்ஜி_எக்ஸெப்ட், எம்எஸ்ஜி_காப்பி ஆகிய கொடிகள் லினக்ஸுக்கே உரியவை. வேறெங்கும் எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: போல் அல்லது செலக்ட் வரிசையைக் கவனிப்பதில்லை

லினக்ஸில் வரிசை டிஸ்கிரிப்டர் என்பது சாதாரணக் கோப்பு டிஸ்கிரிப்டரே; பல டிஸ்கிரிப்டர்களை ஒருசேரக் கவனிக்கும் போல், செலக்ட், ஈபோல் ஆகியவற்றில் நேரடியாகச் சேர்க்கலாம். அந்த வசதி தரத்தில் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் அது ஒரு சுட்டி. எண்ணாக மாற்றிக் கொடுத்தால் கம்பைலர் எச்சரிக்கும், ஓடும்போது தவறான டிஸ்கிரிப்டர் என்ற பிழை வரும். எம்க்யூ_கெட்எஃப்டி_என்பி என்னும் அந்தக் கெர்னலுக்கே உரிய செயற்கூறு உள்ளிருக்கும் உண்மையான எண்ணை எடுத்துத் தரும்; அதன் பிறகு போலும், ஃப்ரீபிஎஸ்டியில் அதே போன்ற வேலையைச் செய்யும் கேக்யூவும் வேலை செய்யும். இரண்டுக்கும் ஒரே நிரல் வேண்டுமென்றால், வரிசைக்காகவே காத்திருக்கும் ஒரு த்ரெட்டை அமைத்து, அது ஒரு பைப்பில் ஒரு பைட்டை எழுதி முதன்மைச் சுழலை எழுப்பும்படி செய்யலாம். சற்றுச் சுற்றுவழிதான், ஆனால் எங்கும் பொய்க்காது.

செய்தி வந்ததைத் தெரிவிக்கும் எம்க்யூ_நோட்டிஃபை ஒரே ஒரு முறை மட்டும் அறிவித்துவிட்டு ஓய்ந்தால், அது பிழையன்று. எல்லாக் கெர்னலிலும் அப்படித்தான். ஒவ்வோர் அறிவிப்புக்குப் பின்னும் மறுபடி பதிவு செய்து, அதன் பிறகு வரிசை காலியாகும் வரை படிக்க வேண்டும். முதலில் படித்துவிட்டுப் பிறகு பதிவு செய்தால், இடையில் வந்த செய்தி அறிவிப்பில்லாமல் கிடக்கும். ஏனெனில் காலியான வரிசையில் செய்தி விழும்போது மட்டுமே அறிவிப்பு எழும். நேரவரம்புடன் பெறும் அழைப்பு உடனே காலாவதியானதாகத் திரும்பினால், நீங்கள் "5 விநாடி" என்று தந்திருப்பீர்கள். அது கேட்பது கடிகாரத்தின் முழு நேரத்தை, அதாவது இப்போதைய நேரத்துடன் ஐந்து விநாடி கூட்டிய மதிப்பை.

அறிகுறி: கண்காணிப்பு ஸ்கிரிப்ட் தவறான எண்களைக் காட்டுகிறது

இரு கெர்னல்களிலும் வரிசைக் கோப்பைக் கேட் கட்டளையால் படிக்கலாம். இரண்டும் வரிசையிலுள்ள பைட்டுகளின் எண்ணிக்கையில்தான் தொடங்குகின்றன. அதோடு ஒற்றுமை முடிகிறது. லினக்ஸ் அடுத்து அறிவிப்புப் பதிவின் விவரங்களைத் தருகிறது; ஃப்ரீபிஎஸ்டி உச்ச எண்ணிக்கை, நடப்பு எண்ணிக்கை, செய்தி அளவு ஆகியவற்றைத் தருகிறது. இரண்டாவது நெடுவரிசையை எடுக்கும் ஸ்கிரிப்டை மாற்றி, பெயரைத் தேடி மதிப்பை எடுக்கச் செய்யுங்கள்.

அறிகுறி: இரு பக்கமும் வெற்றிகரமாகத் திறக்கின்றன, செய்தி மட்டும் வந்து சேரவில்லை

ஒரு வரிசை ஒரு கெர்னலின் நினைவகத்துக்குள் மட்டுமே வாழ்கிறது. மேக்ஓஎஸ்ஸில் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் நிரல், உண்மையில் ஒரு மெய்நிகர் கணினியிலுள்ள லினக்ஸ் கெர்னலில் ஓடுகிறது; வெளியே மேக்கில் ஓடும் நிரலுக்கும் அதற்கும் பொதுவான வரிசை எதுவும் இருக்க முடியாது. ஒரே லினக்ஸ் கணினியில்கூட, இரு கன்டெய்னர்களுக்குத் தனித்தனி ஐபிசி (நிரல்களுக்கு இடையிலான தொடர்பு) பெயர்வெளி இருந்தால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வரிசைகள் உருவாகும். உருவாக்கும் கொடி இருப்பதால் யாருக்கும் பிழை வராது. இதைக் கண்டுபிடிக்க, பெறும் பக்கத்தில் உருவாக்கும் கொடியை நீக்கிப் பாருங்கள். "நோ சச் ஃபைல்" என்று வந்தால் இருவரும் வேறு வேறு பெயர்வெளியில் இருக்கிறார்கள். கன்டெய்னரைத் தொடங்கும்போது ஐபிசி விருப்பத்தால் மற்றக் கன்டெய்னரின் பெயர்வெளியில் சேர்த்தால் லினக்ஸுக்குள் இது தீரும்.

இரண்டு கெர்னல்களுக்கு இடையே என்றால் வரிசையைக் கைவிட்டு, சாக்கெட்டுக்கு மாறுவதே வழி. ஒரே கணினிக்குள் லினக்ஸையும் மேக்ஓஎஸ்ஸையும் ஒரே நிரலால் ஆதரிக்க வேண்டுமென்றாலும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். அதிலும் செய்தி எல்லையைக் காக்கும் சீக்பேக்கெட் வகை மேக்ஓஎஸ்ஸில் கிடையாது. டேட்டாகிராம் வகை இருக்கிறது, ஆனால் அதன் இயல்பு உச்ச அளவு 2048 பைட்டு. ஆகவே ஸ்ட்ரீம் வகையைத் திறந்து, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான்கு பைட்டில் அதன் நீளத்தை, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பைட்டு வரிசையில் எழுதி அனுப்புங்கள். பெறுபவர் அந்த நீளம் முழுவதும் வந்து சேரும் வரை ரீட் அழைப்பைத் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும், ஏனெனில் ஒரே அழைப்பில் பாதிச் செய்தி மட்டும் வருவது அங்கே இயல்பு.